இங்கிலீஷ் வீட்டில் பிரெஞ்சு விருந்தாளிகள்

இங்கிலீஷில் அச்சடித்த கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்துப் பாருங்கள். சில பத்திரிகைகளில் கீழே ஒரு மூலையில் நாலு எழுத்துகள் இருக்கும். "ஆர்.எஸ்.வி.பி." என்று போட்டிருக்கும்.

அது என்ன? மாப்பிள்ளை படித்த படிப்பா? பெரியவர் யாருக்காவது கிடைத்த பட்டமா?

இரண்டும் இல்லை. அது ஒரு பிரெஞ்சு வாக்கியத்தின் சுருக்கம். "ரெப்போந்தே சில் வூ ப்ளே" என்பது முழு வாக்கியம். "தயவுசெய்து பதில் எழுதுங்கள்" என்று அர்த்தம்.

பெண் வீடு தஞ்சாவூர். மாப்பிள்ளை வீடு மதுரை. பத்திரிகை இங்கிலீஷ். பதில் கேட்பது மட்டும் பிரெஞ்சு!

வெள்ளைக்காரர்களுக்குப் பதில் கேட்கத் தங்கள் மொழியில் சொல் இல்லையா? இருக்கிறது. ஆனாலும் பிரெஞ்சில் கேட்டார்கள். அப்படிக் கேட்பதுதான் பெரிய மனிதத்தனம் என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். பிறகு மற்ற நாட்டுக்காரர்களும் அதையே எடுத்துக்கொண்டார்கள்.

இந்த நாலு எழுத்துக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. அதில் போர் இருக்கிறது. சாப்பாடு இருக்கிறது. தூக்கு மேடையும் இருக்கிறது. புரியாத மொழியால் ஒரு நாட்டு ஜனங்கள் பட்ட பாடும் இருக்கிறது.

ராஜா மாறினார், மொழி மாறியது

1066-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதி. இங்கிலாந்தில் ஹேஸ்டிங்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பெரிய போர் நடந்தது. ஒரு பக்கம் இங்கிலாந்து ராஜா ஹெரால்டு. எதிர்ப் பக்கம் வில்லியம். இவர் பிரான்சின் வட கரையில் உள்ள நார்மண்டியை ஆண்ட பிரபு.

ஹெரால்டு போர்க்களத்திலேயே இறந்தார். அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று வில்லியம் இங்கிலாந்துக்கு ராஜாவாக முடி சூட்டிக்கொண்டார்.

வில்லியம் பேசியது பிரெஞ்சு. அவருடன் வந்த பிரபுக்கள் பேசியதும் பிரெஞ்சு. அரண்மனையில் பிரெஞ்சு ஒலித்தது. கோட்டையிலும் பிரெஞ்சு ஒலித்தது. வயலிலும் தொழுவத்திலும் இங்கிலீஷ் ஒலித்தது.

ஆள்கிறவருக்கு ஒரு மொழி. உழுகிறவருக்கு வேறு மொழி. இந்த நிலை பல தலைமுறைகள் நீடித்தது. 1399-ம் ஆண்டில் நான்காம் ஹென்றி அரியணை தனக்கே சொந்தம் என்று இங்கிலீஷில் அறிவித்தார். அது அப்போது ஒரு புதுமை!

ஆடு இங்கிலீஷ், மட்டன் பிரெஞ்சு

அந்தக் காலத்தின் அடையாளம் இன்றும் சாப்பாட்டுத் தட்டில் இருக்கிறது.

செம்மறி ஆட்டுக்கு இங்கிலீஷில் "ஷீப்" என்று பெயர். அதன் கறிக்கு "மட்டன்" என்று பெயர். மாடு "கவ்", மாட்டுக் கறி "பீஃப்". பன்றி "பிக்", பன்றிக் கறி "போர்க்".

உயிரோடு இருக்கும்போது ஒரு பெயர். சமைத்த பிறகு வேறு பெயர். ஏன்?

மேய்த்தவன் இங்கிலீஷ்காரன். அவன் வைத்த பெயர் மந்தையில் நின்றுவிட்டது. சாப்பிட்டவர் பிரெஞ்சு பேசிய பிரபு. அவர் சொன்ன பெயர் சாப்பாட்டு மேசையில் நின்றுவிட்டது.

இந்த வேடிக்கையை வால்டர் ஸ்காட் என்ற கதாசிரியர் பிரபலமாக்கினார். 1819-ல் வெளிவந்த "ஐவன்ஹோ" என்ற நாவலில், பன்றி மேய்க்கும் ஒருவனிடம் ஒரு கோமாளி இதைச் சொல்வதாக அவர் எழுதினார்.

இன்று தமிழ்நாட்டில் மட்டன் பிரியாணி கேட்கிறவர் எல்லோரும் ஒரு பழைய பிரெஞ்சுச் சொல்லைத்தான் சொல்லுகிறார்கள்!

பஸ் எங்கிருந்து வந்தது?

இன்னும் சில சொற்களைப் பாருங்கள். எல்லாம் தினசரி வாயில் வருகிற சொற்கள்.

"ஓட்டல்" பிரெஞ்சுச் சொல். இங்கிலீஷ் வழியாகத் தமிழுக்கு வந்தது.

"டிக்கெட்" என்பதும் பிரெஞ்சில் பிறந்ததுதான். ஒட்டி வைக்கும் சிறு சீட்டுக்கு அங்கே அந்தப் பெயர் இருந்தது.

"பட்ஜெட்" இன்னும் சுவையானது. பழைய பிரெஞ்சு மொழியில் சின்னத் தோல் பைக்கு "பூஜெத்" என்று பெயர். இங்கிலாந்தின் நிதி மந்திரி வரவு செலவுக் கணக்கை வாசிப்பதை "பையைத் திறக்கிறார்" என்று சொன்னார்கள். நாளடைவில் பையின் பெயர் கணக்குக்கு வந்துவிட்டது. பிறகு பிரெஞ்சுக்காரர்களே இந்தச் சொல்லை இங்கிலீஷிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார்கள். கொடுத்த கடன் வட்டியோடு வீடு திரும்பியது!

இந்திய நிதி மந்திரிகளும் பல ஆண்டுகள் தோல் பெட்டியோடுதான் பார்லிமெண்டுக்கு வந்தார்கள். 2019-ம் ஆண்டில் நிர்மலா சீதாராமன் அந்த வழக்கத்தை விட்டார். பெட்டிக்குப் பதிலாக, சிவப்புத் துணியில் சுற்றிய கணக்குக் கட்டோடு வந்தார். தோல் பை போய்விட்டது. பையின் பெயர் மட்டும் போகவில்லை.

"பஸ்" எங்கே பிறந்தது? அதுவும் பிரான்சில்தான். 1826-ம் ஆண்டில் நான்ட் என்ற நகரில் போத்ரி என்பவர் குதிரை வண்டி விட்டார். யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து ஏறலாம். அப்படிப்பட்ட வண்டிக்கு "ஆம்னிபஸ்" என்று பெயர் வந்தது. "எல்லோருக்கும்" என்று அர்த்தம். அது லத்தீன் சொல்.

1829-ம் ஆண்டில் ஷில்லிபீர் என்பவர் அந்த வண்டியை லண்டனுக்குக் கொண்டுவந்தார். அவர் பாரிசில் வண்டி கட்டும் தொழில் செய்தவர். வண்டியோடு பெயரும் வந்தது. இங்கிலீஷ்காரர்கள் தலையை வெட்டிவிட்டு வாலை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அந்த வால்தான் "பஸ்"!

இந்தச் சொற்களைக் கண்டு யாரும் பயப்படுவது இல்லை. கடைக்காரருக்குத் தெரியும். கூலிக்காரருக்குத் தெரியும். குழந்தைக்கும் தெரியும். இவை விருந்தாளியாக வந்தன. வேலை செய்தன. வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டன.

1973-ல் வெளியான ஒரு கணக்கின்படி, இங்கிலீஷ் அகராதியில் 100-க்கு 28 சொற்கள் பிரெஞ்சு வழியாக வந்தவை. அதனால் இங்கிலீஷ் மொழி அழிந்து போகவில்லை.

அப்படியானால் பிறமொழிச் சொல்லால் கெடுதலே இல்லையா? உண்டு. அதை இங்கிலாந்தின் கோர்ட்டுகளில் பார்க்கலாம்.

புரியாத மொழியில் வழக்கு

"கோர்ட்டு", "ஜட்ஜு", "ஜூரி" எல்லாமே பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்த சொற்கள். அடமானத்துக்கு இங்கிலீஷில் "மார்ட்கேஜ்" என்பார்கள். பழைய பிரெஞ்சில் அதற்குச் "செத்த அடகு" என்று அர்த்தம். கடன் வாங்கியவருக்கு அது பொருத்தமாகத்தான் தோன்றும்!

சொற்கள் மட்டும் வந்திருந்தால் பரவாயில்லை. பேச்சே பிரெஞ்சில் நடந்தது. ராஜாவின் கோர்ட்டுகளில் வக்கீல்கள் பிரெஞ்சில் வாதாடினார்கள். கோர்ட்டுப் பதிவேடுகளை லத்தீனில் எழுதினார்கள்.

நிலத்தைப் பறிகொடுத்த குடியானவர் கோர்ட்டில் நிற்பார். அவருடைய நிலத்தைப் பற்றித்தான் பேச்சு. அவருக்கு ஒன்றும் புரியாது. தனக்காகப் பேசுகிறார்களா, தனக்கு எதிராகப் பேசுகிறார்களா என்றுகூடத் தெரியாது.

1362-ம் ஆண்டில் மூன்றாம் எட்வர்டு ராஜா காலத்தில் ஒரு சட்டம் வந்தது. வழக்குகளை இங்கிலீஷில் நடத்த வேண்டும் என்று அது சொன்னது. நாட்டு மக்களுக்குப் பிரெஞ்சு தெரியவில்லை; கோர்ட்டில் தங்களைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்றே அவர்களுக்கு விளங்கவில்லை; இதுதான் சட்டம் கூறிய காரணம்.

நல்ல சட்டம்தான். ஆனால் அந்தச் சட்டத்தையே பிரெஞ்சில்தான் எழுதினார்கள்!

வக்கீல்கள் பழைய வழக்கத்தைச் சுலபத்தில் விடவில்லை. தீர்ப்புக் குறிப்புகளைப் பிரெஞ்சிலேயே எழுதி வந்தார்கள். அதற்குள் அவர்களுக்கே பிரெஞ்சு மறந்து போயிற்று. பாதிப் பிரெஞ்சு, பாதி இங்கிலீஷ் என்று ஒரு கலப்பு மொழி உண்டாயிற்று.

1631-ல் நடந்த ஒரு சம்பவம் சட்டப் புத்தகத்தில் பதிவாகி இருக்கிறது. சால்ஸ்பரி என்ற ஊரில் ஒரு கைதிக்குத் தண்டனை கிடைத்தது. கைதிக்குக் கோபம் வந்தது. ஒரு செங்கல் துண்டை எடுத்து நீதிபதி ரிச்சர்ட்சன் மீது வீசினான். குறி கொஞ்சத்தில் தப்பிவிட்டது. கைதியின் வலது கையை வெட்டித் தூக்கு மரத்தில் கட்டினார்கள். பிறகு அவனையும் தூக்கில் போட்டார்கள்.

இந்தக் கொடுமையைக் குறித்து வைத்தவர் பிரெஞ்சில்தான் எழுதத் தொடங்கினார். செங்கல் துண்டுக்குப் பிரெஞ்சுச் சொல் தெரியவில்லை. "கொஞ்சத்தில் தப்பியது" என்பதற்கும் தெரியவில்லை. அந்த இடங்களில் இங்கிலீஷைப் போட்டு நிரப்பிவிட்டார்!

எழுதுகிறவருக்கே தெரியாத மொழி. படிக்க வேண்டிய ஜனங்களுக்கும் தெரியாத மொழி. அதில்தான் ஒரு மனிதன் செத்த கதையை எழுதினார்கள்.

1650-ல், ராஜா இல்லாத குடியரசு ஆட்சிக் காலத்தில், சட்ட நூல்கள் எல்லாம் இங்கிலீஷில் இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். 1660-ல் மறுபடியும் ராஜா வந்தார். உத்தரவு செல்லாமல் போயிற்று. 1731-ல் மற்றொரு சட்டம் நிறைவேறியது. 1733-ம் ஆண்டு மார்ச் 25-ந் தேதி முதல் இங்கிலாந்தின் கோர்ட்டுகள் முழுக்க இங்கிலீஷுக்கு வந்தன.

வில்லியம் வந்த ஆண்டிலிருந்து கணக்குப் போடுங்கள். 667 ஆண்டுகள்! சொந்த நாட்டில், சொந்த வழக்கைச் சொந்த மொழியில் முழுக்கக் கேட்க அந்த ஜனங்கள் அவ்வளவு காலம் காத்திருந்தார்கள்.

பழைய வாசனை இன்னும் போகவில்லை. பிரிட்டிஷ் பார்லிமெண்டில் ஒரு மசோதாவுக்கு ராஜாவின் சம்மதத்தை அறிவிக்கும்போது, "ராஜா விரும்புகிறார்" என்று இன்றைக்கும் பழைய பிரெஞ்சில்தான் சொல்லுகிறார்கள். அது வெறும் சடங்கு. சட்டம் இங்கிலீஷில் இருப்பதால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

ஆட்களின் பெயரே சொல்லானது

பிரெஞ்சுக்காரர்களின் பெயர்களும் இங்கிலீஷில் சொல்லாகிவிட்டன.

கில்லட்டின் என்ற தலை வெட்டும் எந்திரத்தைக் கேள்விப்படாதவர் குறைவு. கியோத்தன் என்ற டாக்டரின் பெயர்தான் அது. அவர் அதைக் கண்டுபிடிக்கவில்லை. உருவம் கொடுத்தவர் அந்துவான் லூயி என்ற வேறு டாக்டர்.

கியோத்தன் மரண தண்டனையையே விரும்பாதவர். அந்த நாளில் பிரான்சில் பிரபுவுக்கு வாள் வெட்டு. ஏழைக்குத் தூக்கு. "சாவிலாவது பேதம் வேண்டாம். வலி இல்லாத ஒரே முறை போதும்" என்ற எண்ணத்தில் 1789-ல் சபையில் ஒரு யோசனை கூறினார். 1792-ம் ஆண்டு ஏப்ரல் 25-ந் தேதி எந்திரம் வேலை செய்யத் தொடங்கியது. இரக்கப்பட்டவரின் பெயர் கொலைக் கருவிக்குப் பெயராகிவிட்டது!

இந்தச் சொல் டெல்லி லோக்சபையிலும் உண்டு. மானியக் கோரிக்கைகள் மீது பேச ஒதுக்கிய நேரம் முடிந்துவிட்டால், மீதியை விவாதம் இல்லாமல் ஓட்டுக்கு விடுவார்கள். அதற்கும் "கில்லட்டின்" என்றுதான் பெயர். அங்கே வெட்டுவது தலையை அல்ல, பேச்சை.

நல்ல பெயரோடு நிலைத்தவர்களும் உண்டு. பால் பாக்கெட்டில் "பாஸ்டரைஸ்டு" என்று அச்சடித்திருக்கும். சூடு காட்டிக் கிருமிகளை ஒழிக்கும் முறை அது. வழி சொன்னவர் லூயி பாஸ்டர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி.

லூயி பிரெயில் 1809-ல் பிறந்தவர். தோல் சாமான் செய்யும் தகப்பனாரின் பட்டறையில் விளையாடியபோது ஊசி குத்திக் குழந்தையிலேயே பார்வை போயிற்று. ஆறு புள்ளிகளைக் கொண்டு, விரலால் தடவிப் படிக்கும் எழுத்தை அவர் உண்டாக்கினார். 1829-ல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெயில் 1951-ல் ஏற்பட்டது. தமிழையும் அதில் படிக்கலாம். எழுத்து தெரியாமல் இருந்தவர்களுக்கு எழுத்தைக் கொடுத்தவரின் பெயர் எழுத்துக்கே பெயராகிவிட்டது.

உயிரைக் காக்கும் சொல்

ஆபத்தில் சிக்கிய விமானி ரேடியோவில் "மே டே, மே டே, மே டே" என்று மூன்று தடவை கூவுவார். மே மாதத் தொழிலாளர் தினத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. "எனக்கு உதவுங்கள்" என்ற பிரெஞ்சுச் சொல்லின் ஒலி அது.

1920-களில் லண்டன் குராய்டன் விமான நிலையத்துக்கும் பாரிசுக்கும் இடையே நிறைய விமானங்கள் பறந்தன. இரண்டு நாட்டாருக்கும் உடனே புரிகிற ஒரு கூக்குரல் தேவைப்பட்டது. குராய்டனில் ரேடியோ அதிகாரியாக இருந்த மாக்ஃபோர்டு இதைச் சொன்னார். 1927-ல் வாஷிங்டனில் கூடிய உலக நாடுகள் இதை ஒப்புக்கொண்டன.

ஏன் இந்தச் சொல்லை எடுத்தார்கள்? கேட்பவருக்குப் புரிய வேண்டும் என்பதற்காக.

டம்பத்துக்குப் பேசும் பிரெஞ்சு

கேட்பவருக்குப் புரியக் கூடாது என்பதற்காகவும் பிரெஞ்சைத் தூவுகிற எழுத்தாளர்கள் உண்டு. அவர்கள் தூவுகிற பிரெஞ்சு சில சமயம் பிரெஞ்சாகவே இருப்பதில்லை!

லண்டனில் கச்சேரி நன்றாக இருந்தால் ஜனங்கள் "ஆங்கோர்" என்று கூவுவார்கள். "இன்னொரு தடவை" என்று அர்த்தம். பாரிசில் அப்படிக் கூவுவது வழக்கம் இல்லை. அங்கே "பீஸ்" என்பார்கள். புனைபெயருக்கு இங்கிலீஷில் "நாம் டி ப்ளூம்" என்று ஒரு பிரெஞ்சுத் தொடர் இருக்கிறது. அதை உண்டாக்கியவர்களே இங்கிலீஷ்காரர்கள்தான்.

இந்த டம்பத்தை இங்கிலீஷ் அறிஞர்களே கண்டித்தார்கள். 1926-ல் மொழி வழக்கு அகராதி வெளியிட்ட ஃபவுலர், படிப்பைக் காட்டி மினுக்குவது பணத்தைக் காட்டி மினுக்குவதைவிட மட்டம் என்று கருதினார். 1946-ல் ஜார்ஜ் ஆர்வெல், தினசரி வழக்கில் ஒரு சொல் இருக்கும்போது அயல்மொழித் தொடரைத் தேடிப் போகாதே என்று எழுத்தாளர்களுக்குப் புத்தி சொன்னார்.

பத்திரிகைகளில் அடிக்கடி வரும் சில தொடர்களின் அர்த்தம் தெரிந்தால், இவற்றில் பயப்பட ஒன்றும் இல்லை என்பது விளங்கும். "கூ தெத்தா" என்றால் அரசின் மீது ஓர் அடி. அதாவது திடீர் ஆட்சிக் கவிழ்ப்பு. "கார்ட் பிளான்ஷ்" என்றால் வெள்ளைத் தாள். இஷ்டப்படி நிரப்பிக்கொள் என்று முழு அதிகாரம் கொடுப்பது. "ஃபோ பா" என்றால் தப்பாக வைத்த அடி. நாலு பேர் நடுவில் செய்த தவறு. "பான் வாயாஜ்" என்றால் நல்ல பயணம். "கல் டி சாக்" என்றால் பையின் அடிப்பக்கம். தமிழில் அதைவிட நல்ல சொல் இருக்கிறது: முட்டுச்சந்து!

சிரிக்கலாமா?

கல்யாண விருந்துகளில் இப்போது "பஃபே" சாப்பாடு வந்துவிட்டது. இதுவும் பிரெஞ்சு. கடைசி எழுத்தை உச்சரிக்கக் கூடாது. அது தெரியாமல் ஒருவர் "பஃபெட்" என்று படித்துவிட்டால், பக்கத்தில் இருப்பவர் சிரிக்கிறார்.

இது சரியா? எழுத்தைக் கூட்டிப் படிக்கிறவர் இருக்கிற எழுத்தைத்தான் படிப்பார். இங்கிலீஷ்காரர்கள் மட்டும் என்ன செய்தார்கள்? பிரெஞ்சுக்காரர் தங்கள் தலைநகரைப் "பாரி" என்கிறார். இங்கிலீஷ்காரர் கடைசி எழுத்தையும் சேர்த்துப் "பாரிஸ்" என்கிறார். யாரும் அவரைப் பார்த்துச் சிரிப்பதில்லை.

ஒரு சொல்லைத் தப்பாக உச்சரிக்கிறவர் அதைப் படித்துத் தெரிந்துகொண்டவர். யாரும் சொல்லித் தராமல் தானாகப் படித்தவர். அவரைப் பாராட்ட வேண்டும். சரியான உச்சரிப்பைத் தனியாக, மெதுவாகச் சொல்லிக் கொடுக்கலாம். நாலு பேர் நடுவில் சிரித்தால் அவர் மறுபடியும் வாய் திறக்க மாட்டார். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும் இதேதான்.

எந்தச் சொல்லை வைத்துக்கொள்வது?

சொற்கள் ஊர் சுற்றும். தமிழின் "கட்டுமரம்" இங்கிலீஷுக்குப் போயிற்று. "மிளகுத் தண்ணீர்" வெள்ளைக்காரர் வீட்டு சூப் ஆயிற்று. தமிழின் "சுருட்டு" பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்குப் போயிற்று என்று அகராதி கூறுகிறது. கொடுப்பதும் வாங்குவதும் எல்லா மொழிக்கும் உண்டு. இதில் வெட்கம் இல்லை.

பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று. அந்தச் சொல் கேட்பவருக்கு உதவுகிறதா, அவரை வெளியே நிறுத்துகிறதா?

விமானி கூவும் "மே டே" உதவுகிறது. எல்லோரையும் ஏற்றிக்கொள்ளும் "பஸ்" உதவுகிறது. குடியானவரின் காதில் விழுந்த கோர்ட்டுப் பிரெஞ்சு அவரை வெளியே நிறுத்தியது.

ஆஸ்பத்திரிச் சீட்டு, பாங்கிக் கடிதம், பத்திரம், சர்க்கார் நோட்டீசு எல்லாவற்றுக்கும் இந்தச் சோதனை பொருந்தும். எழுதுகிறவர் தன் படிப்பை அதில் காட்ட வேண்டாம். படிக்கிறவருக்கு விளங்க வேண்டும், அது போதும். விளங்காவிட்டால் குறை எழுதியவருடையது.

ஆகவே, விளங்காத சொல்லில் ஒரு காகிதத்தை யார் நீட்டினாலும், "இதற்கு என்ன அர்த்தம்?" என்று தைரியமாகக் கேளுங்கள். அர்த்தம் தெரியும் வரை கையெழுத்துப் போடாதீர்கள்.